பழைய கேரவன் பஸ் வாங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். திருமங்கலம் பக்கம் ஒரு கேரவன் பஸ் விலைக்கு வந்திருக்கிறது. அசோக் லேலண்ட் பஸ்ஸில் படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் வைத்து மாற்றியிருக்கிறார்கள். அப்பா அம்மாவைக் கோயில் கோயிலாக அழைத்துப் போக வேண்டுமென்று ரொம்ப நாள் ஆசை.

இன்ஜின், பிரேக் பற்றிக் கவலையில்லை, லேலண்ட் சாமான் மதுரையிலேயே கிடைக்கும். மாற்றிக் கட்டிய கரூர் பட்டறைதான் இப்போது இல்லை. வயரிங் எப்படிப் போகிறது, தண்ணீர்த் தொட்டியை எது தாங்குகிறது என்று கேட்க ஆளில்லை. தொட்டியை நிரப்பி எடைமேடையில் ஏற்றிக் காட்டச் சொல்லியிருக்கிறேன். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். ஆனால் சிலிண்டர் பெட்டியின் அடியில் ஒரு துளைகூட இல்லை. எனக்குப் பெரிய பயமே அதுதான்.

ஆர்.சி.யில் இன்னும் பஸ் என்றே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி மாற்றத்தைப் பதிந்திருக்க வேண்டும். இப்போது பதிய முடியுமா? மதுரை ஆர்.டி.ஓ.வில் யாராவது செய்திருந்தால் என்னென்ன தாள்கள் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், வண்டிக்கு அடியில் படுத்துத் துருவைத் தட்டிப் பார்த்துச் சொல்லும் பாடி மேஸ்திரி யாரையாவது தெரியுமா? அவர் பார்க்கும்வரை அட்வான்ஸ் கொடுக்க மாட்டேன்.