30 ரெக்கார்டிலும் g = 9.8: பிள்ளைகள் ஏன் ரீடிங்கைக் காப்பி அடிக்கிறாங்க?

குழித்துறை_லேப்:
முதலாண்டு பிசிக்ஸ், தனி ஊசல் சோதனை. 30 ரெக்கார்டு, 30லயும் விடை, அதாவது g (புவியீர்ப்பு முடுக்கம்), 9.8. சீனியர் நோட்டுதான் கைமாறுது. அரை மணி நேரம் நின்னா முடியுற சோதனையை ஏன் செய்ய மாட்டேங்கிறாங்க? என்ன மாத்தலாம்?

தக்கலை_வாத்தியார்:
சாரே, அவங்க கணக்கு சரிதான். விடை பிளஸ் ஒன்னிலேயே தெரியும். 9.8 வந்தாத்தான் முழு மார்க்குன்னா 9.6ஐ எவன் எழுதுவான்? விடையிலிருந்து பின்னால போய் ரீடிங் போடுவான். (நாகர்கோவில் பக்கம் g உண்மையில 9.78. பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கோமே!)

தப்பான விடைதான் வாய் திறந்து பேசும். 10.8 வந்தா, நூல்ல தொங்குற குண்டை விட்டதுமே "ஒண்ணு"ன்னு எண்ணியிருக்கான். 20ன்னு நினைச்சது 19 அலைவு (ஒரு தடவை போய்த் திரும்பி வர்றது ஒரு அலைவு). எண்ணிக்கையைப் பூஜ்யத்துல தொடங்கணும். 60 செ.மீ. நூலுக்கு 9.6 வந்தா, குண்டோட ஆரம் 1 செ.மீ.யைச் சேர்க்கலை. பத்துக்கு 5 மார்க் ரீடிங்குக்கு, 4 இந்தக் காரணத்தைக் கண்டுபிடிச்சு எழுதினதுக்கு, 1 விடைக்குன்னு பிரிச்சுப் பாருங்க.

திங்கள்சந்தை_டெமோ:
மேஜைக்கு ஒரு நீளம் (நூலும் குண்டோட ஆரமும் சேர்த்து) கொடுங்க. 20 அலைவுக்கு 60 செ.மீ.ல 31.1 வினாடி, 80ல 35.9, 100ல 40.2 வரணும். மூணு தடவை எடுக்கச் சொல்லுங்க. ஸ்டாப் வாட்சை அழுத்துற விரல் எப்படியும் 0.2 வினாடி முன்னே பின்னே போகும், மூணும் 31.1ன்னு இருந்தா அது பெரும்பாலும் கடிகாரம் பார்த்து எழுதினதா இருக்காது. அப்சர்வேஷன் நோட்டுல பேனாவால எழுதி, லேப்பை விட்டுப் போறதுக்கு முன்னாடி கையெழுத்து. அடிச்சுத் திருத்தலாம், அழிக்கக் கூடாது. அடுத்த வருஷம் 63, 71, 88ன்னு மாத்திடுங்க. இல்லேன்னா இந்த வருஷ நோட்டே சீனியர் நோட்டு ஆயிரும்.

மூணாம்_வருஷம்:
சார், கோவிச்சுக்காதீங்க. தத்துவம், செய்முறைன்னு 4 பக்கம் புத்தகத்தைப் பார்த்துத்தான எழுதச் சொல்றீங்க? அது காப்பி இல்லையா? அதோட சேர்த்து அட்டவணையையும் எழுதிடுறோம், கை நிக்காது. வேலைக்கு எடுக்க வர்றவங்களும் 60 சதவீதம் இருக்கா, அரியர் இருக்கான்னுதான் முதல்ல வடிகட்டுறாங்க.

தக்கலை_வாத்தியார்:
தம்பி சொல்றது நியாயம். செய்முறை 5 வரி போதும். மிச்ச நேரத்துல குலுக்கிப் போட்டு 8 பேரை, ஆளுக்கு 2 நிமிஷம், "ஏன் ஒரு அலைவு எடுக்காம 20 எடுத்தே?"ன்னு கேளுங்க. 30 பேரையும் கேட்டா ஒரு மணி நேரம் போயிரும்.

குழித்துறை_லேப்:
நீளத்தை மாத்துறதை அடுத்த பேட்ச்லயே தொடங்கிடுறேன். மார்க் பிரிக்க துறைத் தலைவர் சம்மதிக்கணும்.