மேப் வருவதற்கு முன்பே கருத்துக் கேட்பு: டெக்சஸில் பார்த்தது

2025 ஜூலை 24 அன்று லீவு போட்டுவிட்டு ஆஸ்டின் கேப்பிட்டலுக்கு, அதாவது டெக்சஸ் சட்டமன்றக் கட்டடத்துக்குப் போனேன். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கான தொகுதிகளைத் திரும்ப வரையப்போகிறார்கள், பொதுமக்கள் வந்து பேசலாம் என்றார்கள். பெயர் பதிந்துவிட்டு உட்கார்ந்தேன். மணிக்கணக்காக ஆட்கள் பேசினார்கள். எதைப் பற்றி? இன்னும் வெளியே வராத ஒரு மேப்பைப் பற்றி. அது வந்தது ஜூலை 30 அன்று. பெண்ணைக் காட்டாமலே சம்மதம் கேட்ட மாதிரி இருந்தது.

எனக்கு இதில் பழைய கடுப்பு உண்டு. வட ஆஸ்டினில் இருந்தபோது எங்கள் பத்தாவது தொகுதி ஹூஸ்டன் புறநகர் வரை நீண்டு கிடந்தது. இரண்டரை மணி நேரம் கார் ஓட்டிப் போனால் வரும் என் மைத்துனனுக்கும் எனக்கும் ஒரே காங்கிரஸ் உறுப்பினர். சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த நண்பருக்கு வேறு ஆள். ஆஸ்டின் ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடும் ஊர். அதனால் ஊரைக் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறையும் குடியரசுக் கட்சிக்கு ஓட்டு விழும் கிராமப்புறங்களோடு சேர்த்துவிட்டார்கள்.

இந்த வேலை பெரிதாக நடந்தது 2003-ல். அப்போதுதான் நான் இங்கே வந்திருந்தேன். மாநிலக் கீழவையின் 150 பேரில் 100 பேர் இருந்தால்தான் கோரம் (தமிழிலும் பொருத்தமான சொல்தான்), அது இல்லாவிட்டால் அவை நடக்காது. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஜனநாயகக் கட்சியினர் பக்கத்து மாநிலமான ஓக்லஹோமாவின் ஆர்ட்மோருக்குப் போய் ஓட்டலில் உட்கார்ந்துகொண்டார்கள். பிறகு அதே கட்சியின் மாநில மேலவை செனட்டர்கள் 11 பேர் நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கி போனார்கள். ஒரு மாதம் தாண்டி அவர்களில் ஒருவர் திரும்பிவிட, கதை முடிந்தது. அதுவரை காங்கிரஸில் 15 இடம் வைத்திருந்த குடியரசுக் கட்சிக்கு அடுத்த தேர்தலில் 21.

2025-ல் அதே நாடகம். குடியரசுக் கட்சி கேட்டது கூடுதலாக 5 இடம். ஆகஸ்ட் 3 அன்று கிளம்பிய ஜனநாயகக் கட்சியினரில் பெரும்பாலோர் இல்லினாய்ஸ் போனார்கள். எனக்குச் சுவாரசியம் அந்த ஓட்டத்தில் இல்லை, அதற்கு முந்தைய பேரத்தில்தான். ஜனவரியில் குடியரசுக் கட்சியின் டஸ்டின் பரோஸ் கீழவைச் சபாநாயகர் ஆனாரே, அவருக்கு விழுந்த 85 ஓட்டில் 49 ஜனநாயகக் கட்சியினர் போட்டது. சொந்தக் கட்சியில் 36 பேர்தான். தன் நாற்காலிக்கு ஓட்டுப் போட்டவர்கள்மீதே ஆகஸ்டில் அவர், பிடித்துவரச் சொல்லும் வாரண்டில் கையெழுத்துப் போட்டார். மாநில எல்லையைத் தாண்டினால் அந்த வாரண்ட் வெறும் காகிதம், அது வேறு விஷயம்.

அவர்கள் திரும்பி வந்ததும் பேரம்தான். முதல் சிறப்புக் கூட்டத்தொடர் முடிய வேண்டும், கலிபோர்னியா பதிலடியாக ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான தன் மேப்பைக் கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். இரண்டும் நடந்தது, 18-ஆம் தேதி வந்தார்கள். வெளியே போக வேண்டுமானால் போலீஸ் கூடவே வரும், அதற்குக் கையெழுத்துப் போடு என்றது குடியரசுக் கட்சித் தரப்பு. மறுத்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் நிக்கோல் காலியர் அவைக்குள்ளேயே படுத்துத் தூங்கினார். 20-ஆம் தேதி 88-க்கு 52 என்று மேப் நிறைவேறியது. ஜூலையில் நாங்கள் அத்தனை பேர் பேசியது எந்தப் பைலில் இருக்கிறதோ!

—

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் படித்தது வட கரோலினா, கிரீன்ஸ்பரோ. எங்கள் ஏ அண்ட் டி பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களுக்கென்று உருவானது. 2016 மேப்பில் தொகுதிக் கோடு கேம்பஸ் நடுவே லாரல் தெரு வழியாகப் போனது. ஒரு பக்கம் ஆறாவது தொகுதி, மறுபக்கம் பதின்மூன்றாவது. எனக்கு விசா, ஓட்டு கிடையாது. ஆனால் லேபில் கூட இருந்தவள் விடுதி மாறியதும், 'இப்போ நான் எந்தத் தொகுதி?' என்று போனில் தேடிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. எதில் இருந்தாலும் ஜெயித்தது குடியரசுக் கட்சிதான்.

உங்கள் ஊரிலாவது சுற்றி வளைத்துப் பேசினார்கள். இங்கே தொகுதிகளை வரையும் குழுவை நடத்தியவர், குடியரசுக் கட்சிக்கு 10, ஜனநாயகக் கட்சிக்கு 3 என்று வரைகிறேன், ஏனென்றால் 11-க்கு 2 வரைய முடியாது என்று வெளிப்படையாகவே சொன்னார். உச்ச நீதிமன்றமும் 2019-ல், கட்சிச் சாய்வோடு வரைவதில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தலையிடாது என்று 5-க்கு 4 தீர்ப்பில் ஒதுங்கிக்கொண்டது. அப்புறம் மாநில நீதிமன்றம் தலையிட்டுத்தான் கேம்பஸ் ஒரே தொகுதிக்குள் வந்தது. அதற்குள் அவளும் படிப்பை முடித்துக்கொண்டு சார்லட் போய்விட்டாள்.