பாலிப்: விழுதா, மொட்டா, முளையா, புடைப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்ச் சொற்பட்டியலில் 'பாலிப்' மட்டும் இன்னும் இழுபறியாக நிற்கிறது. குடலின் உட்புறச் சளிச்சவ்விலிருந்து குழாய்க்குள் எழும்பும் வளர்ச்சி அது. இப்போதைக்கு 'விழுது' என்று போட்டிருக்கிறேன். 'கட்டி' வேண்டாம், அறிக்கையில் அதைப் படித்தவர் புற்று என்றே முடிவுகட்டிவிடுவார். பெரும்பாலான பாலிப்புகள் புற்றாவதில்லை. அடினோமா (சுரப்பிச் செல்களிலிருந்து எழுவது) வகையில் சில மாறும், அதற்கும் பொதுவாகப் பத்து ஆண்டு போல ஆகும். 'சதை வளர்ச்சி'யும் பொருந்தாது, இது சதையில் முளைப்பதல்ல. தனிமடலில் மொட்டு, முளை என இரண்டு பரிந்துரைகள் வந்தன. கருத்துச் சொல்லுங்கள்.

———

> இப்போதைக்கு 'விழுது' என்று போட்டிருக்கிறேன்.

விழுது என்றால் தொங்க வேண்டும். காம்புள்ளதற்குச் சரி, மற்றவற்றுக்கு? கொலோனோஸ்கோப்பியில் (குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) மூடிய பயாப்சி இடுக்கியை, அதாவது திசுத்துணுக்கு எடுக்கும் கருவியைப் பக்கத்தில் வைத்து உயரம் பார்ப்போம். சுமார் 2.5 மி.மீ.க்கு மேல் எழும்பினால் மேடான வகை, அதற்குக் கீழே தட்டை வகை. 'தட்டை விழுது' என்று எப்படி எழுதுவது?

வடிவம் மாறினால் எடுக்கும் முறையும் மாறும் என்பதால் இதை வலியுறுத்துகிறேன். தடித்த காம்புக்குள் இரத்தக்குழாய் ஓடும். அப்படியே அறுத்தால் பீறிடும். எனவே முதலில் காம்பில் அட்ரினலின் செலுத்துவோம், அல்லது அடியில் கிளிப் போடுவோம், பிறகுதான் சுற்றி இறுக்கி அறுக்கும் சுருக்குக்கம்பி. 10 மி.மீ.க்கு உட்பட்ட காம்பற்றதை மின்சூடு இல்லாமலே, சுற்றியுள்ள நல்ல சவ்வில் ஒரு விளிம்பும் சேர்த்து அறுத்தெடுக்கலாம். அகலமாகப் படர்ந்திருந்தால் சவ்வுக்கடியில் உப்புநீர் செலுத்தித் தூக்க வேண்டும். நீர் ஏறியும் நடுப்பகுதி எழும்பாமல் ஒட்டிக்கொண்டு நின்றால், புற்று அடியடுக்குக்குள் இறங்கியிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். முன்பு பயாப்சி எடுத்த தழும்பும் இப்படி ஒட்டும் என்பதால் பழைய அறிக்கையைக் கேட்டு வாங்குவது நல்லது.

'முளை' கூடவே கூடாது. மூலத்துக்கு மக்கள் சொல்லும் சொல் அது. மலத்தோடு இரத்தம் போகிறவர் 'மூலம்தான்' என்று களிம்பு தடவியே மாதங்களைத் தள்ளுவது, புற்று முற்றிய பிறகு கண்டறியப்பட ஒரு காரணம். இரத்தத்தின் நிறத்தைப் பார்த்து மூலத்தையும் புற்றையும் பிரித்துச் சொல்லவும் முடியாது. நம் சொல்லும் சேர்ந்து குழப்ப வேண்டுமா?

———

நோயியல் பக்கத்திலிருந்து ஒன்று. 'மொட்டு' ஏற்கெனவே வேறு பொருளுக்கு வேண்டும். புற்று ஊடுருவும் முகப்பில் ஒற்றைச் செல்லாகவோ, நான்கு செல்கள் வரையிலான சிறு கொத்தாகவோ பிரிந்து நிற்பவற்றை நுண்ணோக்கியில் எண்ணுகிறோம். அதற்கு 'மொட்டுவிடல்' நன்றாகப் பொருந்துகிறது. அவை மிக நெருக்கமாக உள்ள 0.785 சதுர மி.மீ. பரப்பில் 0–4 இருந்தால் குறைவு, 5–9 நடுத்தரம், 10 முதல் அதிகம்.

இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் என்ன ஆகும்? எடுத்த பாலிப்பில் புற்று இருந்தாலும், புற்றுக்கும் வெட்டு விளிம்புக்கும் குறைந்தது 1 மி.மீ. இடைவெளி, இரத்த நிணநீர்க் குழாய்களில் புற்றுச் செல் இல்லை, செல்கள் ஓரளவாவது இயல்பை ஒத்தவை, மொட்டுவிடல் குறைவு, ஊடுருவலும் ஆழமில்லை என்றால் குடலை வெட்டாமலே கண்காணிக்கலாம். 'மொட்டு அதிகம்' என்ற வரியை 'பாலிப் நிறைய' என்று ஒருவர் படித்தால் இந்தக் கணக்கே தலைகீழாகிவிடும்.

———

பாலிப் என்றே விட்டால் என்ன? மருத்துவர் வாயிலிருந்து நோயாளி கேட்பது அதுதானே.

———

கேட்பார், சரி. முதல் இடத்தில் 'பாலிப் என்னும் குடற்புடைப்பு' என்று இரண்டையும் சேர்த்தே போடலாம். ஆனால் கிளைச்சொற்களுக்குத் தமிழ் வேர் இருந்தால்தான் வசதி. 'புடைப்பு' வைத்துப் பார்த்தேன்: காம்புப் புடைப்பு, காம்பற்ற புடைப்பு, தட்டைப் புடைப்பு, புடைப்பு நீக்கம், நூற்றுக்கணக்கில் வரும் பரம்பரை வகைக்குப் பன்புடைப்பு நோய். எல்லாம் வாயில் வருகின்றன. குடற்சுவர் வெளிப்பக்கம் பை போலத் தள்ளுவதையும் சிலர் புடைப்பு என்கிறார்கள். அதற்குப் 'பிதுக்கப்பை' என்று ஒதுக்கிவிடுகிறேன்.

மாதிரி வரி: "ஏறுகுடலில் 12 மி.மீ. காம்பற்ற புடைப்பு, ஒரே துண்டாக எடுக்கப்பட்டது. குழல்வகை அடினோமா, குறைநிலைச் செல் பிறழ்வு, விளிம்பு தெளிவு." அடினோமா 10 மி.மீ.யைத் தொட்டாலே அடுத்த கொலோனோஸ்கோப்பி பொதுவாக மூன்றாம் ஆண்டில். அதனால் அளவு எண்ணை மொழிபெயர்ப்பில் யாரும் 'சிறிய', 'நடுத்தர' என்று மாற்றிவிட வேண்டாம்.

———

புடைப்புக்கு என் வாக்கு. ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். வலப்பக்கப் பெருங்குடலில் தட்டையாக, மேலே சளிப்படலம் மூடிக் கிடக்கும் ரம்பப்பல் வகையை (நுண்ணோக்கியில் சுரப்பிகள் ரம்பம் போலத் தெரிவது) உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வகைப்பாடு பாலிப் என்றோ அடினோமா என்றோ சொல்வதில்லை. சளியைக் கழுவிப் பார்க்காவிட்டால் கண்ணிலேயே படாது. அதன் பெயரில் வரும் 'லீஷன்' (lesion) என்பதற்குப் பொதுவான ஒரு சொல் வேண்டும்: 'புண்' என்றால் ரணம் ஆகிவிடும், 'மாற்றம்' என்றால் ஒன்றும் சொன்னதாகாது. இதற்குத் தனி இழை தொடங்குங்கள்.