வாளிக்குள்ளேயே பால் கட்டிவிடுகிறது, கிருமியா?

நிரைக்காரி (சுங்கை சிப்புட்):
அப்பாவுக்கு முட்டி வலி வந்ததிலிருந்து எங்கள் மூன்று ஏக்கர் ரப்பர் மரத்தில் நான்தான் பட்டையை வெட்டிப் பால் எடுக்கிறேன். பால் எடுத்து முடிப்பதற்குள் வாளி ஓரத்தில் தயிர் மாதிரி திரிதிரியாக நிற்கிறது. வாங்குகிறவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "புளிச்சுப் போச்சு, கட்டிப்பால் விலைதான்" என்கிறார். மரத்தில் பால் வடியும் கிண்ணத்தை, அதான் மங்கு, ஆற்றுத் தண்ணீரில் அலசித்தான் கவிழ்க்கிறேன். அம்மோனியா ஊற்றச் சொல்கிறார்கள். அது கிருமியைக் கொல்லுமா, நாற்றத்தை மறைக்குமா?

பழைய ஸ்டோர்:
கொல்லும் அம்மா. பாலைப் பதப்படுத்தும் தோட்டத்து ஸ்டோரில் என் வேலையே அதுதான். மரத்துக்குள் பால் சுத்தமாகத்தான் இருக்கிறது. பட்டை, கத்தி, மங்கு, ஈ, எறும்பு என்று வெளியில் வந்த பிறகுதான் பாக்டீரியா சேர்கிறது. அது பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடும். ரப்பர் துகள்களின் மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால்தான் அவை ஒன்றையொன்று தள்ளி மிதக்கின்றன. அமிலம் ஏறினால் அந்த மின்னூட்டம் போய்விடும், துகள்கள் ஒட்டிக்கொள்ளும். பாலைக் கட்டவைத்து ரப்பர் ஷீட் போட பார்மிக் அமிலம் ஊற்றுகிறோமே, அதே வேலையைக் கிருமி ஓசியில் செய்கிறது.

அம்மோனியா காரம். அமிலத்தை எழவிடாது, கிருமியையும் அடக்கும். ஏற்றுமதிக்குப் போகும், தண்ணீரைக் குறைத்த செறிவுப் பாலில் 0.7 சதவீதம் வரை சேர்ப்பார்கள். உங்களுக்கு எவ்வளவு என்று வாங்குகிறவரிடம் கேளுங்கள். ஷீட் அடிக்கிறவராக இருந்தால் அதிகம் ஊற்றினால் திட்டுவார், கட்டவைக்க அவருக்கு அமிலம் கூடுதலாகச் செலவாகும். கட்டிய பிறகு ஊற்றிப் பயனில்லை.

ஆறாம்படிவம்:
அக்கா, நான் மங்கைத்தான் சந்தேகப்படுகிறேன். புது இடத்துக்கு வந்த பாக்டீரியா உடனே பெருகாது. அங்குள்ள உணவுக்குத் தேவையான நொதிகளை முதலில் தயார் செய்யும். இதைப் பின்னடைவுக் கட்டம் என்பார்கள். மங்கின் அடியில் நேற்றைய பால் தோலாக ஒட்டியிருந்தால் அதிலுள்ளவை ஏற்கெனவே பாலுக்குப் பழகியவை, காத்திருக்காது. நல்ல சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் வகைகள் உண்டு. அந்த வேகத்தில் 4 மணி நேரத்தில் ஒன்று 4096 ஆகும்!

அலசினால் போகாது. தம்மைச் சுற்றிப் பசை மாதிரி ஒரு படலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தேய்க்க வேண்டும். வெந்நீரும் முழுத் தீர்வல்ல: சில இனங்கள் கெட்டியான உறைக்குள் உறங்கும் வித்துகளாக மாறும், அவை கொதிநீரையே தாங்கும். அவற்றை ஒழிக்க அழுத்தக் கலனில் 121 பாகை செல்சியஸ், 15 நிமிடம் என்று படித்தோம். மங்குக்கு அதெல்லாம் தேவையில்லை, கிருமி எண்ணிக்கை குறைந்தாலே பால் மதியம் வரை தாங்கும்.

நிரைக்காரி:
சரி தம்பி, தோலை உரித்துத் தேய்க்கிறேன். துணி வெளுக்கும் குளோராக்ஸில் ஊறவைத்தால் வேலை குறையுமா?

பழைய ஸ்டோர்:
தேய்க்காமல் ஊறவைத்தால் குளோரின் அந்தப் பால்தோலிலேயே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. தேய்த்து, ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். இன்னொன்று: குளோராக்ஸ் இருந்த வாளியில் அம்மோனியாவை ஊற்றிவிடாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரமின் வாயு கிளம்பும், நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். இரண்டுக்கும் தனித்தனி வாளி வைத்துக்கொள்ளுங்கள். அம்மோனியா டின்னைத் திறக்கும்போது காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள்.