ரா (RAW) ஃபைலில் மட்டும் படத்தோட மூலை கறுக்குது: லென்ஸா, ஃபில்டரா, சாஃப்ட்வேரா?

புளியரைக்காரன்:
அண்ணாச்சிமாரே, ஒரு குழப்பம். விடியக்காலம் புளியரை எஸ் வளைவுல நின்னு, வயலையும் மலையையும் சேத்து பனோரமாவுக்கு 5 பிரேம் எடுத்தேன். 18–55 லென்ஸ், 18 மி.மீ., லென்ஸ் துளை எஃப் 3.5. ஜேபெக்ல மூலை கொஞ்சம்தான் மங்கல். அதே படத்தோட ரா ஃபைலை டார்க்டேபிள் சாஃப்ட்வேர்ல திறந்தா நாலு மூலையும் கறுப்பு. ஒட்டிப் பாத்தா வானம் பட்டை பட்டையா, கொசுவம் வச்ச சேலை கணக்கா நிக்குது.

கோட்டைவாசல்:
இதுல என்ன குழப்பம்? ஜேபெக் எழுதும்போதே கேமரா மூலை வெளிச்சத்தைத் தூக்கிடும். ரா, சென்சார்ல விழுந்ததை விழுந்தபடி வச்சிருக்கும். லென்ஸ் கரெக்‌ஷனை ஆன் பண்ணுங்க, சோலி முடிஞ்சது.

புளியரைக்காரன்:
ஆன் பண்ணியாச்சு. வளைஞ்ச கரண்டுக் கம்பம் நேராயிட்டு. மூலை அப்படியேதான் இருக்கு.

கோட்டைவாசல்:
அப்ப லென்ஸ் பேரைத் தப்பா எடுத்திருக்கும்.

பண்பொழி ஸ்டுடியோ:
பேரு தப்புன்னா கம்பம் நேராகியிருக்காதே. டார்க்டேபிள் கணக்கு எடுக்கிறது, லென்ஸ் லென்ஸா அளந்து சேத்து வச்ச லென்ஸ்ஃபன் தரவுல இருந்து. அதுல வளைவுக்கு ஒரு அளவு, ஓரத்துல நிறம் பிசிறுறதுக்கு ஒண்ணு, மூலை இருட்டுக்கு ஒண்ணு, எல்லாம் தனித்தனி. பல லென்ஸுக்கு முதல் ரெண்டு இருக்கும், மூணாவதை யாரும் அளந்து கொடுத்திருக்க மாட்டாங்க. அந்த மாட்யூல்லயே எது எது திருத்தினோம்னு ஒரு வரி காட்டும், படிச்சுப் பாருங்க தம்பி.

மேக்கரை:
35 வருசமா கல்யாண வேலை பாக்கேன். மூலை கறுத்தா படத்துக்கு அழகுதாம்வே. டார்க்ரூம்ல நடுவை அட்டையால மறைச்சு, மூலைக்குக் கூடுதலா வெளிச்சம் கொடுத்து நாங்களே கறுக்க வைப்போம். அதைப் போயி ஏன் துடைக்கணும்?

பண்பொழி ஸ்டுடியோ:
ஒத்தைப் படத்துக்குச் சரி அண்ணாச்சி, நானும் அப்படியே விட்டுருவேன். மண்டபத்துல ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) 3200க்கு ஏத்தி எடுத்ததை மூலையில தூக்கினா புள்ளிப் புள்ளியா இரையும். ஆனா இவர் 5 படம் ஒட்டுதாரு. ஒண்ணோட ஓரம் இன்னொண்ணு மேல விழும்போது இருட்டுதான் பட்டையாகுது.

கோட்டைவாசல்:
துளையை எஃப் 8க்கு மூடி எடுத்திருந்தா இந்தப் பேச்சே இல்ல.

பண்பொழி ஸ்டுடியோ:
பாதி சரி. துளை அகலமா இருக்கும்போது லென்ஸ் குழலே மறைக்கிற இருட்டு, மூடினா போயிரும். ஒளி சாஞ்சு விழுறதால வர்ற இருட்டு போகாது. ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) கேமராவுல 18 மி.மீ.ன்னா மூலைக்கு 36லருந்து 38 டிகிரி சாய்வு. அந்தச் சாய்வோட கொசைனை நாலாம் அடுக்குப் போட்டா, நடுவுல விழுற ஒளியில சுமார் 40 சதவீதம்தான் மூலைக்குக் கிடைக்கும். லென்ஸ் அமைப்புல இதைக் கொஞ்சம் தணிப்பாங்க, அடியோட எடுக்க முடியாது. அது கிடக்கட்டும், தம்பி, முன்னாடி ஃபில்டர் ஏதும் மாட்டியிருக்கீங்களா? ஒரு வெள்ளைச் சுவரை எஃப் 3.5லயும் எஃப் 11லயும் எடுங்க. மூலை தெளிஞ்சா லென்ஸ். இருட்டோட விளிம்பு கத்தியா வெட்டினாப்ல ஆனா ஏதோ வளையம் மறைக்குது.

புளியரைக்காரன்:
எடுத்தேன். எஃப் 11ல பொதுவா தெளிஞ்சுட்டு, ஆனா மேல் ரெண்டு மூலையில சின்னதா கறுப்பு வில் மாதிரி நிக்குது. யுவி ஃபில்டர் மேல போலரைசர் ஃபில்டரையும் மாட்டியிருந்தேன். சாரல்ல நனைஞ்சு ரெண்டும் ஒட்டிக்கிட்டு, கழத்த வரல.

கோட்டைவாசல்:
அந்த வில்லுக்கு நானும் வழி சொல்ல முடியாது. அங்க ஒளியே விழல. பனோரமாவுல அடுத்த பிரேம் அதை மூடும், வானத்து மேல் ஓரத்தை மட்டும் வெட்டுங்க. கழத்த ரப்பர் பேண்டை வளையத்துல சுத்திப் பிடிச்சுத் திருகுங்க. இறுக்கிப் பிடிச்சா வளையம் நெளிஞ்சு இன்னும் சிக்கும்.

பண்பொழி ஸ்டுடியோ:
கழத்துனதும் அதே 18, அதே எஃப் 3.5, ஃபோகஸ் தூரத்துல. வெள்ளை வேட்டியை ரெண்டா மடிச்சு லென்ஸ் மேல சுருக்கமில்லாமப் போத்தி, மேகம் மூடின வானத்தை ஒரு ரா எடுங்க. ரா தெரப்பி சாஃப்ட்வேர்ல அதை ஃப்ளாட் ஃபீல்டா (ஒப்பிட்டுப் பாக்குற வெறும் படமா) கொடுத்தா மூலைச் சரிவை அதைப் பாத்தே சமன் பண்ணும். அப்புறம் டிஃப் (TIFF) ஃபைலா எழுதி ஒட்டுங்க.

கோட்டைவாசல்:
அவ்வளவு பாடு எதுக்கு? பனோரமா ஒட்டுற ஹியூஜின் சாஃப்ட்வேர்ல ஒளி அளவைச் சரிபண்ணுற கட்டத்தை ஓட்டினா, ஒண்ணுமேல ஒண்ணு விழுற இடத்தை ஒப்பிட்டு அதுவே மூலைச் சரிவைக் கண்டுக்கும்.

புளியரைக்காரன்:
ஃபில்டர் கழண்டுட்டு! ஹியூஜின்ல பட்டை முக்கால்வாசி போயிட்டு. ஃப்ளாட் ஃபீல்டையும் போட்டுப் பாத்தேன், வலது ஓரம் மட்டும் செம்மையடிக்குது.

பண்பொழி ஸ்டுடியோ:
வேட்டியில கரை இருந்துச்சோ?

புளியரைக்காரன்:
பச்சைக் கரை அண்ணாச்சி.

மேக்கரை:
பச்சையைக் கழிச்சா செம்மைதாம்வே மிஞ்சும்.