பதட்டமா, பதற்றமா?

பேனாமுனை:
என் கட்டுரையில் ஏழு இடத்தில் 'பதட்டம்' என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் அத்தனையையும் 'பதற்றம்' ஆக்கி அனுப்பிவிட்டார். நான் பேசுவது பதட்டம், என்னைச் சுற்றி எல்லாரும் சொல்வதும் பதட்டம். வாயில் வராத சொல்லை எதற்கு எழுத வேண்டும்?

வேர்தேடி:
அவர் செய்தது சரி. வினை 'பதறு'. மாறு மாற்றம் ஆகிறது, சீறு சீற்றம், தடுமாறு தடுமாற்றம். பதறு மட்டும் ஏன் தடம் புரள வேண்டும்? ஆட்டத்துக்கு ஆடு இருக்கிறது, ஓட்டத்துக்கு ஓடு. பதட்டத்துக்குப் 'பதடு' எங்கே? 'பதடி' வேண்டுமானால் குறளில் உண்டு. பதர் என்று பொருள். பயனில்லாத பேச்சைப் பாராட்டுகிறவனுக்குச் சொன்னது. (இந்த இழைக்குப் பொருத்தம் என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள்.)

பேனாமுனை:
பேச்சில் திரிவது இயல்புதானே? காற்று காத்து ஆகவில்லையா?

வேர்தேடி:
ஆயிற்று. நேற்று நேத்து, வெற்றிலை வெத்தலை. அந்தக் கணக்கில் இது 'பதத்தம்' ஆகியிருக்க வேண்டும். அப்படி யார் சொல்லியும் நான் கேட்டதில்லை. ஆட்டம், வாட்டம் என்று காதில் கிடக்கும் சொற்களின் சாயல் ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம்.

அரைத்தூக்கம்:
எழுத்தை விடுங்கள். அதற்குப் பயம் என்று பொருள் சொல்வதையே நான் ஏற்க மாட்டேன். 'பதறாத காரியம் சிதறாது' என்பதில் பயம் எங்கே? அவசரம்தான் இருக்கிறது. நடு இரவில் போன் அடிக்கிறது. கண்ணாடியைத் தேடிய கை தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுகிறது, பச்சைக்குப் பதில் சிவப்பை அழுத்துகிறது. என்ன சேதி என்று தெரிந்த பிறகு வருவது அச்சம். அதற்கு முன்னால் கையில் நடப்பது பதற்றம். மலையாளத்திலும் பதறுக என்றால் தடுமாறுவதுதான்.

வேர்தேடி:
பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவரைப் பதறினார் என்று சொல்வோமா? 'பதறிப்போய் ஓடி வந்தாள்' என்றால், ஏதோ ஆகிவிட்டதோ என்ற எண்ணம் உள்ளே இருக்கிறது. அது பயம் இல்லாமல் வேறென்ன?

அரைத்தூக்கம்:
தேர்தல் வந்தால் 'பதற்றமான வாக்குச்சாவடி' என்று செய்தி போடுகிறார்களே, சாவடிக்கு என்ன பயம்?

வேர்தேடி:
சாவடிக்கு இல்லை ஐயா, காவலுக்கு நிற்பவருக்கு.

பேனாமுனை:
சரி, ஏழும் அப்படியே இருக்கட்டும். எட்டாவது இடத்தில் 'உதறல் எடுத்தது' என்று எழுதியிருந்தேன். அதை அவர் தொடவே இல்லை.