பட்டர் ஐசிங் பூக்கள் வெயிலில் சரியுது, வழி சொல்லுங்கோ

இடம் கிளிநொச்சி. இரண்டு தட்டுக் கேக், மேலே பட்டர் ஐசிங் பூக்கள். காலையில் பிழிந்தால் மதியத்துக்குள் இளகிச் சரியுது. அளவு: உப்பில்லாத பட்டர் 250 கிராம், ஐசிங் சீனி 500 கிராம், பால் 2 மேசைக்கரண்டி.

பாலை நிற்பாட்டிப் பார்த்தாச்சு, மாற்றமில்லை. சீனியைக் கூட்டினால் திகட்டுது. பட்டரில் பாதியைக் குறைத்து ஷோட்னிங் (கெட்டியான தாவரக் கொழுப்பு) போட்டால் பூ அசையாமல் நிற்குது, ஆனால் நாக்கில் மெழுகுமாதிரி ஒட்டுது. பிரிட்ஜில் வைத்து எடுத்தால் இன்னும் மோசம்: வெளியே வந்ததும் வேர்த்து, சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்குது.

அடுத்த கேக் ஏசி இல்லாத வான் வண்டியில் பரந்தன் வீதியால முல்லைத்தீவுக்குப் போகவேணும், மண்டபத்திலயும் ஏசி இல்லை.

34 பாகைச் சூட்டில் 4 மணித்தியாலம் பூ நிற்கவும் ருசி கெடாமல் இருக்கவும் 250 கிராம் கொழுப்பில் பட்டர் எவ்வளவு, ஷோட்னிங் எவ்வளவு போடுறீங்கள்?